சில்லறை

சீத்தா கேம்ப், எஃப் செக்டர், கடைசிச் சந்து.
சுவரில் நீலச் சாயத்தில் ஒரு பெண்,
முக்காடு உண்டு, முகம் கிடையாது.
அவளுக்குக் கீழே என் மேசை.

ஆளுக்கு இரண்டு ரூபாய். குளிக்க ஏழு.
கைப்பிள்ளைக்குக் காசில்லை,
அது பலகையில் இல்லாத சட்டம், நான் போட்டது.

ஐந்து மணிக்குக் கோமு வருவாள், வாளி முன்னால், அவள் பின்னால்.
பிறகு முகங்கள் இல்லை, வரிசைதான்.
ஜல்தி, லவ்கர், வெளிய வா தாயி.
சீருடைப் பிள்ளை ஒன்று கால் மாற்றி மாற்றி நின்றே
பதின்மூன்றாம் வாய்ப்பாட்டை முடித்துவிடும்.

போன மாசம் கான்ட்ராக்டர் ஒரு பெட்டி வைத்தார்.
போனைக் காட்டினால் காசு ஏறும்.
ஏறியதும் சந்து முழுக்கக் கேட்கும்படி கத்தும்:
தோ ருப்யே ப்ராப்த் ஹுவே.
யார் எத்தனை தரம் போகிறாள் என்பது
எதிர் டீக்கடைக்குத் தெரிந்துபோயிற்று.
கல்யாணமாகி மூன்று வாரமான செபீனா
மறுநாளிலிருந்து நாணயம்தான் கொண்டுவந்தாள்,
உள்ளங்கையில் வியர்த்துச் சூடான இரண்டு ரூபாய்.
பெட்டிமேல் என் பழைய துப்பட்டாவைப் போட்டேன்.
அப்போதும் முனகியது, போர்வைக்குள் காய்ச்சல்காரி மாதிரி.

கணக்கெடுக்க ஒரு பெண் வந்தாள், கையில் டேப்.
உலகம் பூராவும் கேட்கிறார்களாம்.
எத்தனை இருக்கை?
எட்டு.
எத்தனை வேலை செய்யும்?
மழைக்கு முன்னாலா, பின்னாலா?
ஒன்றுக்கு எத்தனை பேர்?
காலை ஆறுக்கா, மதியம் மூணுக்கா?
சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து
குரலைத் தாழ்த்தி, இங்கே போகலாமா அக்கா என்றாள்.
மூன்றாவது கதவைக் காட்டினேன், தாழ்ப்பாள் உள்ளது அது ஒன்றுதான்.
இரண்டு ரூபாய் வாங்கிக்கொண்டேன்.

வராதவர்கள் எத்தனை பேர் என்று
அவள் கேட்கவில்லை.
நோட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து எழுதி வருகிறேன்:
நாலு மணிக்குமேல் தண்ணீர் குடிக்காதவள்.
ராத்திரிச் சோற்றைத் தொடாதவள்.
நிறைமாசத்தில் பத்தரைக்கு வந்து
பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியவள்.
டாக்டர் சொன்ன நோய்ப்பெயர் வாயில் நுழையவில்லை.
"எரிச்சல்" என்று எழுதினேன்.
மே மாசத்தில் மட்டும் ஒன்பது எரிச்சல்.

பத்து மணிக்குப் பெண்கள் பக்கம் பூட்டவேண்டும்.
ஆண்கள் பக்கம் விடிய விடியத் திறந்திருக்கும்.
பாதுகாப்புக்காக என்றார் கான்ட்ராக்டர்.
யாருடைய, என்று கேட்டேன் சில்லறை எண்ணிக்கொண்டே.
அவரும் எண்ணிக்கொண்டே இருந்தார்.
பூட்டினால் மிச்சம் உப்பங்கழி ஓரத்துப் புதர்.
துணைக்கு நாலு பேர், ஒரு செல்போன் வெளிச்சம்.
வெளிச்சம் பட்டால் மானம், படாவிட்டால் பாம்பு.

ஜூன் ஒன்பது ராத்திரி பூட்டைக் கையில் எடுத்தேன்.
மலத்தொட்டி மூடியோரம் ஒரு விரிசல், கை நுழையும்.
அதில் போடத்தான் போனேன்.
அப்புறம் சோலங்கி ஞாபகம்.
டாங்கரோடு வருகிறவன், டீக்குத் தன் கிளாஸ் தானே கொண்டுவருகிறவன்.
அவன் அண்ணன் காட்கோபரில் ஒரு தொட்டிக்குள் இறங்கினான்.
ஏறியதாக அவன் சொன்னதில்லை.
குழாயில் இரும்பு அடைத்தால்
எடுக்க யாரை இறக்குவார்கள்?

துணியில் முடிந்து வீட்டுக்கு எடுத்துப்போனேன்.
கூரைத் தார்ப்பாயின் மேற்கு மூலையில்
இப்போது அது கிடக்கிறது, காற்று தூக்காமல்.
எலி தின்றுவிட்டது என்றேன் கான்ட்ராக்டரிடம்.
சம்பளத்தில் நூற்றெண்பது பிடித்தார்.
புதுப் பூட்டு இன்னும் வரவில்லை.
வரும்.

ஆனால் அந்த முதல் விடியலில்
செபீனா மேசைமேல் நாலு ரூபாய் வைத்தாள்.
இரண்டைத் திருப்பித் தள்ளினேன்.
அது ராத்திரிக்கு, என்றாள்,
தண்ணி குடிச்சேன்க்கா, ரெண்டு டம்ளர்.